எலிகளை ஒன்றும் செய்யாத மருந்து

எவ்வளவு கொடுத்தும் எலிகள் சாகவில்லை. ஒரு புதிய மருந்து எந்த அளவைத் தாண்டினால் உயிரைப் பறிக்கும் என்று விலங்குகளில் பார்ப்பது அன்றைய மருந்து ஆய்வகங்களின் வழக்கம். மேற்கு ஜெர்மனியைச் சேர்ந்த குருனெந்தால் நிறுவனத்தார் தாலிடமைட் என்ற தூக்க மருந்துக்கு அந்த அளவைத் தேடினார்கள், கிடைக்கவே இல்லை. சாகடிக்க முடியாத மருந்து ஆபத்தில்லாத மருந்து என்று முடிவு செய்தார்கள். 1957 அக்டோபரில் ‘கான்டர்கான்’ என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. மருத்துவர் சீட்டு இல்லாமலே வாங்கலாம். தூக்கம் வராதவர்கள் வாங்கினார்கள். மசக்கையில் வாந்தியெடுத்துத் துவண்டுபோன கர்ப்பிணிகளும் வாங்கினார்கள்.

1961 நவம்பரில் ஹாம்பர்க்கின் குழந்தை மருத்துவர் விடுகிண்ட் லென்ஸ் அந்த மருந்தின் மேல் விரல் நீட்டினார். ஆஸ்திரேலியாவில் வில்லியம் மெக்பிரைட் என்ற மகப்பேறு மருத்துவருக்கும் அதே ஆண்டில் அதே சந்தேகம் வந்திருந்தது. கைகள் வளராமல் தோளிலிருந்தே விரல்கள் முளைத்த குழந்தைகள், காதுமடல் இல்லாத குழந்தைகள், இதயமும் குடலும் சரியாக உருவாகாததால் பிறந்ததும் இறந்த குழந்தைகள். உலகம் முழுவதும் 10,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். பிறக்காமலே கலைந்த கருக்கள் இந்தக் கணக்கில் இல்லை. கருத்தரித்து ஏறத்தாழ 20ஆம் நாளிலிருந்து 36ஆம் நாள் வரையிலான இடைவெளியில் ஒரே ஒரு மாத்திரை உள்ளே போனாலே போதும், பாதிப்பு நேரலாம். தான் கர்ப்பமாக இருப்பதே பல பெண்களுக்குத் தெரியாத நாட்கள் அவை. அமெரிக்காவில் இந்த அழிவு பெருகாமல் தடுத்தவர் மருந்துகளுக்கு அனுமதி தரும் அரசு அமைப்பான எஃப்.டி.ஏ.வில் மதிப்பீட்டாளராக இருந்த பிரான்சிஸ் கெல்சி. அங்கே விற்க விண்ணப்பித்த நிறுவனம் மீண்டும் மீண்டும் நெருக்கியும், கொடுத்த தரவு போதாது என்று அவர் அனுமதியை மறுத்துக்கொண்டே இருந்தார்.

இந்த வரலாறு பல நூல்களில் எழுதப்பட்டிருக்கிறது. பெரும்பாலும் 1962இல் முடிந்தும்விடுகிறது. வேதி உயிரியலில் அதற்குப் பிறகுதான் கதையே தொடங்குகிறது. வேதியியல் ஆய்வகத்தில் செய்த சிறு மூலக்கூறுகளைக் கொண்டு உயிருள்ள செல்லிடம் கேள்வி கேட்கும் துறை இது. அந்தத் துறையில் கடந்த பதினைந்து ஆண்டுகளில் நடந்தவற்றுள் எனக்கு மிக முக்கியமாகப் படுவது, தாலிடமைட் செல்லுக்குள் என்ன செய்கிறது என்று கண்டுபிடித்ததும் அதிலிருந்து புதிய வகை மருந்துகள் பிறந்ததும்தான். குழந்தைகளின் கைகளை வளரவிடாமல் செய்த அதே வினைதான் இன்று புற்றுநோயாளிகளின் ஆயுளை நீட்டிக்கிறது. எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டிய செய்தி இது. பாதிக்கப்பட்டவர்களில் ஆயிரக்கணக்கானோர் இன்றும் வாழ்கிறார்கள். அவர்கள் பட்ட துன்பத்துக்கு எந்த மருந்தும் ஈடாகாது.

சந்தையிலிருந்து விலக்கப்பட்ட மருந்து திரும்பி வந்தது தற்செயலாகத்தான். 1964இல் ஜெருசலேமில் தொழுநோய் மருத்துவர் ஜேக்கப் ஷெஸ்கினிடம் ஒரு நோயாளி வந்தார். தொழுநோயில் சிலருக்கு உடல் முழுவதும் வலிமிகுந்த சிவந்த கட்டிகள் கிளம்பும், கடும் காய்ச்சல் அடிக்கும், தூக்கமே இருக்காது. எந்தத் தூக்க மருந்தும் பலிக்காத நிலையில், எஞ்சியிருந்த தாலிடமைட்டை ஷெஸ்கின் கொடுத்துப் பார்த்தார். நோயாளி தூங்கினார். தூங்கியது மட்டுமின்றி, சில நாட்களில் கட்டிகளே வாடத் தொடங்கின. 1998இல் அமெரிக்கா தொழுநோயின் இந்தக் கட்டிகளுக்கான மருந்தாகத் தாலிடமைட்டைக் கடும் கட்டுப்பாடுகளோடு அனுமதித்தது. கெல்சி தடுத்து நிறுத்திய மருந்து, அவர் உயிரோடு இருக்கும்போதே அதே அலுவலகத்தின் அனுமதியைப் பெற்றது.

அடுத்தது புற்றுநோய். பாஸ்டனில் ஜூடா ஃபோக்மனின் ஆய்வகத்தைச் சேர்ந்த ராபர்ட் டிஅமாட்டோ, புதிய ரத்தக் குழாய்கள் முளைப்பதைத் தாலிடமைட் தடுக்கிறது என்று 1994இல் காட்டினார். கட்டி வளர ரத்தக் குழாய் வேண்டும். அதைத் தடுத்தால் கட்டி வாடும் என்பது ஃபோக்மனின் நெடுநாள் கருத்து. அந்த நம்பிக்கையில் ஆர்கன்சா பல்கலைக்கழக மருத்துவர்கள், எலும்பு மஜ்ஜையில் வரும் மல்டிபிள் மைலோமா என்ற புற்றுநோய்க்கு இதைக் கொடுத்துப் பார்த்தார்கள். வேறு சிகிச்சைகள் கைவிட்ட 84 நோயாளிகளில் 27 பேருக்குப் பலன் தெரிந்தது. 1999இல் அந்த முடிவு வெளியானபோது, பல ஆண்டுகளாகப் புதிய மருந்தே காணாத ஒரு நோய்க்கு வழி பிறந்தது. பின்னர் தாலிடமைட்டின் உருவத்தைச் சற்றே மாற்றி லெனாலிடமைட்டும், அதற்குப் பிறகு பொமாலிடமைட்டும் செய்தார்கள். 2021இல் லெனாலிடமைட்டின் உலக விற்பனை 12 பில்லியன் டாலரைத் தாண்டியது.

இவ்வளவு நடந்தும், இந்த மூலக்கூறு செல்லுக்குள் போய் எதைப் பிடிக்கிறது என்பது 2010 வரை யாருக்கும் தெரியவில்லை. கருதுகோள்களுக்குப் பஞ்சமில்லை. ரத்தக் குழாய் என்றார்கள், மரபணுவில் போய்ச் செருகிக்கொள்கிறது என்றார்கள், ஆக்சிஜன் நச்சு என்றார்கள். நம் கல்லூரி வேதியியல் வகுப்புகளில் இன்றும் ஒரு பாடம் நடக்கிறது: தாலிடமைட்டுக்கு இடக்கை வடிவம், வலக்கை வடிவம் என்று இரண்டு உண்டு, ஒன்று கெட்டது, மற்றது நல்லது, பிரித்துக் கொடுத்திருந்தால் விபரீதம் நடந்திருக்காது என்று. இதை மாணவர்கள் நம்பிவிடக் கூடாது. உடலுக்குள் ஒரு வடிவம் சில மணி நேரத்தில் மற்றதாக மாறிக்கொண்டே இருக்கிறது. நல்லதை மட்டும் கொடுத்தாலும் உள்ளே போனபின் இரண்டும் கலந்துவிடும்.

சரியான கேள்வியைச் சரியான கருவியோடு கேட்டவர் டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தின் ஹிரோஷி ஹண்டா. அவருடைய ஆய்வகம் பல ஆண்டுகளாக ஒரே ஒரு பொருளைச் செம்மைப்படுத்திக்கொண்டிருந்தது: மிக நுண்ணிய காந்த மணிகள். மணியின் மேற்பரப்பில் ஒரு மருந்தைத் தூண்டில் இரைபோல ஒட்ட வைக்கலாம். செல்களை உடைத்து எடுத்த சாறில், ஆயிரக்கணக்கான புரதங்கள் கலந்து கிடக்கும் அந்தக் குழம்பில், மணிகளைப் போட்டுக் கலக்கிக் காந்தத்தால் வெளியே இழுத்தால், மருந்தைப் பிடித்துக்கொண்ட புரதம் கூடவே வரும். சொல்வதற்கு எளிது. நடைமுறையில் எல்லாப் புரதமும் எல்லாவற்றிலும் கொஞ்சம் ஒட்டும். உண்மையாகப் பிடித்தது எது, சும்மா ஒட்டியது எது என்று பிரிப்பதில்தான் ஆய்வாளர்கள் தோற்றுப்போவார்கள். ஹண்டாவின் மணிகள் அந்த வீண் ஒட்டலைப் பெருமளவு குறைத்தன. பிடிபட்டவற்றைக் கழற்றவும் தாலிடமைட்டையே பயன்படுத்தினார்கள்: தனித் தாலிடமைட்டைக் கரைசலில் ஊற்றினால், மணியிலுள்ள தாலிடமைட்டைப் பிடித்திருந்த புரதம் மட்டும் அதை விட்டுவிட்டு இதைப் பிடித்துக்கொண்டு வெளியேறும்.

அப்படி வெளிவந்த புரதம் செரிப்ளான். தகுமி இட்டோவும் ஹிடெகி ஆண்டோவும் ஹண்டாவும் 2010 மார்ச்சில் இதை ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். பிடித்ததைக் காட்டியதோடு அவர்கள் நிற்கவில்லை. வரிக்குதிரை மீனின் முட்டைகளைத் தாலிடமைட் கலந்த நீரில் வைத்தால் குஞ்சுகளுக்கு மார்புத் துடுப்பு வளர்வதில்லை. துடுப்பு என்பது மீனுக்கு நம் கையின் இடத்தில் இருப்பது. தாலிடமைட் பிடிக்க முடியாதபடி இரண்டு அமினோ அமிலங்களை மாற்றிய செரிப்ளானை அந்த மீன்களுக்குக் கொடுத்தார்கள். துடுப்பு வளர்ந்தது. ஐம்பது ஆண்டுப் புதிருக்கு இவ்வளவு தெளிவான விடை கிடைப்பது அறிவியலில் அபூர்வம். இந்தத் துறைக்கு வர விரும்பும் மாணவர் யாராவது என்னிடம் கேட்டால், முதலில் படிக்கச் சொல்வது இந்தக் கட்டுரையைத்தான்.

செரிப்ளானின் வேலை என்ன என்று புரிய, செல் தன் புரதங்களை எப்படி அழிக்கிறது என்று தெரிய வேண்டும். எந்தப் புரதமும் நிரந்தரமில்லை. உருக்குலைந்தவை, காலம் முடிந்தவை, இனித் தேவையில்லாதவை என்று ஒவ்வொரு நிமிடமும் புரதங்கள் சிதைக்கப்படுகின்றன. சாலையை அகலப்படுத்தும்போது ஓரத்துப் புளியமரங்களில் பெயின்ட் அடித்து எண் எழுதுவார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். ரம்பத்தோடு வருகிற ஆட்கள் எந்த மரம், எத்தனை வயது என்று கேட்பதில்லை. எண் இருந்தால் வெட்டுவார்கள். மரத்தின் விதி தூரிகை பிடித்தவர் கையில் இருக்கிறது. செல்லுக்குள் எழுதப்படும் அந்த எண், 76 அமினோ அமிலங்களால் ஆன யுபிக்விட்டின் என்ற சிறு புரதம். அது சங்கிலியாகக் கோக்கப்பட்ட புரதத்தைப் புரோட்டியசோம் என்ற உருளை வடிவ எந்திரம் உள்ளே இழுத்துத் துண்டாக்கிவிடும். இந்த ஏற்பாட்டைக் கண்டறிந்ததற்காக ஆரன் சிஹானோவர், ஆவ்ரம் ஹெர்ஷ்கோ, இர்வின் ரோஸ் மூவருக்கும் 2004இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. தூரிகை பிடிப்பவை இ3 லிகேஸ் என்னும் புரதக் கூட்டங்கள். மனித செல்லில் 600-க்கும் மேற்பட்ட வகை உண்டு. ஒவ்வொன்றும் தனக்கென்று சில புரதங்களை மட்டுமே குறி வைக்கும். செரிப்ளான் அப்படியொரு கூட்டத்தில், எந்தப் புரதத்தைக் குறிப்பது என்று தேர்ந்தெடுக்கும் உறுப்பு.

ஆக, தாலிடமைட் தூரிகைக்காரரைப் பிடிக்கிறது. பிடித்து என்ன செய்கிறது? அவரை வேலை செய்யவிடாமல் தடுக்கிறது என்றுதான் எல்லோரும் முதலில் எண்ணினார்கள். மருந்து என்றால் தடுப்பது என்ற பழக்கம் அவ்வளவு ஆழமானது. 2014 ஜனவரியில் ‘சயின்ஸ்’ இதழில் அடுத்தடுத்து வந்த இரண்டு கட்டுரைகள் அந்த எண்ணத்தைப் புரட்டிப்போட்டன. ஒன்று பெஞ்சமின் எபர்ட் குழுவினுடையது, மற்றது வில்லியம் கேலின் குழுவினுடையது, இரண்டும் பாஸ்டன். லெனாலிடமைட் கொடுத்த மைலோமா செல்களில் இக்காரோஸ், ஐயோலோஸ் என்ற இரண்டு புரதங்கள் காணாமல் போயிருந்தன. செரிப்ளான் வழக்கமாகத் திரும்பியும் பார்க்காத புரதங்கள் இவை. மருந்து போய் அமர்ந்ததும் செரிப்ளானின் முகமே மாறிவிடுகிறது. அந்தப் புதிய முகத்தில் இக்காரோஸ் வந்து ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியதும் எண் எழுதப்படுகிறது. புரோட்டியசோம் வேலையை முடிக்கிறது. மைலோமா செல் உயிர் வாழ்வதே இக்காரோஸையும் ஐயோலோஸையும் நம்பித்தான். அவை போனால் அதுவும் போகும்.

அதே ஆண்டு பாசலில் நிக்கோலஸ் தோமாவின் ஆய்வகத்தில் எரிக் ஃபிஷரும் பிறரும் செரிப்ளானின் படிக அமைப்பை வெளியிட்டார்கள். மூன்று டிரிப்டோபான் அமினோ அமிலங்கள் சுவராக நிற்கும் ஒரு சிறு பள்ளத்துக்குள் மருந்தின் ஒரு பாதி புதைந்திருக்கிறது; மறு பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. நீட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பாதியில் செய்யும் சிறு மாற்றமே எந்தப் புரதம் வந்து ஒட்டும் என்பதை மாற்றுகிறது. லெனாலிடமைட் ஒருவகை ரத்தக் கோளாறில் ஏன் அவ்வளவு நன்றாகப் பலிக்கிறது என்பதற்கும் இங்கேதான் விடை. ஐந்தாவது குரோமோசோமின் ஒரு துண்டை இழந்த செல்களில் சி.கே.1 ஆல்ஃபா என்ற புரதத்துக்கான மரபணு இரண்டுக்குப் பதில் ஒன்றுதான் இருக்கும், புரதமும் பாதிதான். லெனாலிடமைட் அந்தப் பாதியையும் சிதைக்கிறது. முழு அளவு வைத்திருக்கும் நல்ல செல்கள் தாங்கிக்கொள்கின்றன, நோயுற்றவை தாங்குவதில்லை. மருந்து 2005இலேயே அனுமதி பெற்றுவிட்டது. காரணம் 2015இல்தான் தெரிந்தது.

இதன் பெறுமதி புரிய, மருந்துத் துறையின் பழைய வரம்பைச் சொல்ல வேண்டும். நாம் விழுங்கும் மாத்திரைகளில் பெரும்பாலானவை ஏதோ ஒரு புரதத்தின் பள்ளத்தில் போய் உட்கார்ந்து அதன் வேலையைத் தடுப்பவை. பள்ளம் இருந்தால்தான் மருந்து. மனித மரபணுத் தொகுதியில் புரதம் செய்யும் மரபணுக்கள் சுமார் 20,000. அவற்றின் புரதங்களில் வசதியான பள்ளம் உள்ளவை சிறுபான்மைதான். மரபணுக்களை முடுக்கியும் அணைத்தும் நிர்வகிக்கும் புரதங்கள் பலவற்றுக்கு வழுவழுப்பான மேற்பரப்பே உண்டு. புற்றுநோயில் முதன்மைக் குற்றவாளிகளாக அடிக்கடி நிற்பவை இவைதான். மருந்தால் தொட முடியாதவை என்று பாடநூல்களே இவற்றை ஒதுக்கிவைத்தன. இக்காரோஸ் அந்தப் பட்டியலில் இருந்த புரதம். அதைத் தடுக்கும் மருந்தை யாரும் வடிவமைக்கவில்லை. அதை அழிக்கும் மருந்தோ நோயாளிகள் கையில் ஏற்கெனவே இருந்தது, யாருக்கும் தெரியாமலே.

சரி, குழந்தைகளின் கைகள்? 2018இல் அதற்கும் விடை வந்தது. அதற்குள் பாஸ்டனின் டானா-ஃபார்பர் புற்றுநோய்க் கழகத்துக்கு வந்திருந்த எரிக் ஃபிஷரின் குழுவும், தனியாக செல்ஜீன் நிறுவன ஆய்வாளர்களும், தாலிடமைட் முன்னிலையில் சால்4 என்ற புரதம் சிதைவதைக் கண்டார்கள். கரு வளரும்போது கை உருவாக வேண்டிய நேரத்தில் வழிநடத்தும் புரதங்களில் ஒன்று அது. இதை வலுப்படுத்தும் சான்று மருத்துவ ஏடுகளில் ஏற்கெனவே இருந்தது. சால்4 மரபணுவில் பிறவிக் குறை உள்ள குடும்பங்கள் உண்டு. அவர்களுக்குக் கட்டைவிரலும் முன்கை எலும்பும் சரியாக வளர்ந்திருக்காது. தாலிடமைட்டால் பாதிக்கப்பட்டவர் என்று முன்பு கருதப்பட்ட சிலருக்கு உண்மையில் சால்4 மரபணுவில்தான் குறை என்பது 2003இலேயே வெளியாகியிருந்தது. மருந்து அழித்தாலும் மரபணு தவறினாலும் உருவாகும் உடல் ஒன்றுபோல இருந்ததால் மருத்துவர்களால் வேறுபடுத்த முடியவில்லை. சால்4 மட்டும்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஹண்டாவும் இட்டோவும் சேர்ந்த குழு 2019இல் வேறொரு புரதத்தின் இரண்டு வடிவங்களும் சிதைவதைக் காட்டியது.

எலிக் குட்டிகளுக்கு ஏன் இந்த ஊனங்கள் வருவதில்லை என்பதும் இதே ஆய்வுகளில் தெளிந்தது. மனிதச் செரிப்ளானில் 388ஆவது இடத்தில் வேலின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. சுண்டெலியின் செரிப்ளானில் அதற்கு இணையான இடத்தில் ஐசோலூசின். இரண்டுக்கும் வேறுபாடு ஒரே ஒரு கார்பனும் அதன் ஹைட்ரஜன்களும். அந்தச் சிறு முண்டு, வந்து ஒட்ட வேண்டிய புரதத்தை இடித்துத் தள்ளுகிறது. அதோடு சுண்டெலியின் சால்4 புரதத்திலும், மருந்தேறிய செரிப்ளானோடு ஒட்ட வேண்டிய பகுதி மாறியிருக்கிறது. இரட்டைப் பாதுகாப்பு. எலி சாகாமல் இருந்ததைப் பார்த்து மனிதருக்குப் பாதுகாப்பு என்று எழுதியவர்கள், ஒரு கார்பன் அளவு வேறுபாட்டின் மேல் நின்று எழுதினார்கள். கருவுற்ற முயல்களில் சோதித்திருந்தால் தெரிந்திருக்கும். 1962இல் முயல் குட்டிகளில் அதே ஊனங்கள் வந்தன. ஒரு விலங்கை மட்டும் பார்த்து மருந்தை அனுமதிக்கக் கூடாது என்ற இன்றைய விதிக்குப் பின்னால் இந்தக் குழந்தைகள் இருக்கிறார்கள்.

தாலிடமைட் இக்காரோஸைச் சிதைவுக்கு அனுப்பியது யாரும் திட்டமிடாத செயல். நாம் விரும்பிய புரதத்துக்கு, நாம் விரும்பிய நேரத்தில் எண் எழுதவைக்க முடியுமா? இந்தக் கேள்வியைச் செரிப்ளான் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே கேட்டுவிட்டார்கள். யேல் பல்கலைக்கழகத்தின் கிரெய்க் குரூஸ், கால்டெக்கின் ரேமண்ட் டிஷேய்ஸ், கேத்லீன் சகமோட்டோ ஆகியோர் 2001இல் இரட்டைத் தலை மூலக்கூறு ஒன்றைச் செய்தார்கள். ஒரு தலை இ3 லிகேஸைப் பிடிக்கும். மறு தலை அழிக்க வேண்டிய புரதத்தைப் பிடிக்கும். நடுவே ஓர் இணைப்புச் சங்கிலி. தூரிகைக்காரரைக் கையோடு அழைத்துப்போய், அவர் தொட்டிராத மரத்தின் முன் நிறுத்துவதுதான் வேலை. புரோட்டாக் என்று பெயரிட்டார்கள். தவளை முட்டைச் சாறில் அது வேலை செய்தது. ஆனால் ஒரு தலை பெப்டைடால் ஆனதாலும் உருவம் பெரிதானதாலும் செல்லுக்குள் நுழைய முடியவில்லை. மருந்து நிறுவனங்கள் இதை ஆய்வக விந்தை என்று ஒதுக்கின. குரூஸ் விடவில்லை. அலெஸியோ சியுல்லியோடு சேர்ந்து 2012இல் வி.எச்.எல். என்ற லிகேஸைப் பிடிக்கும் சிறு மூலக்கூறை உருவாக்கினார். அடுத்து ஜேம்ஸ் பிராட்னரின் குழு தாலிடமைட்டின் புதையும் பாதியையே ஒரு தலையாக எடுத்துக்கொண்டது. மறு தலையாக, அதே ஆய்வகம் முன்பு உருவாக்கி உலக ஆய்வகங்களுக்கெல்லாம் இலவசமாக வழங்கிய ஜே.கியூ.1 மூலக்கூறு. 2015இல் வெளியான அந்த இணைப்பு, ரத்தப் புற்றுநோய் செல்களில் பி.ஆர்.டி.4 என்ற புரதத்தைச் சில மணி நேரத்தில் துடைத்துவிட்டது. அந்த ஓர் ஆண்டில் பல குழுக்கள் இத்தகைய மூலக்கூறுகளை வெளியிட்டன. ஒதுக்கிய நிறுவனங்கள் வரிசையில் வந்து நின்றன.

தடுக்கும் மருந்துக்கும் அழிக்கும் மருந்துக்கும் உள்ள வேறுபாடு கணக்கிலேயே தெரியும். தடுப்பதற்கு, ஒவ்வொரு புரதத்தின் பள்ளத்திலும் ஒரு மருந்து மூலக்கூறு எப்போதும் உட்கார்ந்திருக்க வேண்டும். எழுந்தால் புரதம் மீண்டும் வேலையைத் தொடங்கும். புரோட்டாக் ஒரு புரதத்துக்கு எண் எழுதவைத்துவிட்டு விலகி அடுத்ததிடம் போகிறது. ஒரே மூலக்கூறு பல புரதங்களை அனுப்பிவைக்கும். ஆகவே குறைந்த அளவு போதும். பிடி இறுக்கமாக இருக்க வேண்டியதும் இல்லை, பள்ளம் முக்கியமான இடத்தில் இருக்க வேண்டியதும் இல்லை. எங்கேயாவது கொஞ்ச நேரம் தொட முடிந்தால் சரி. புற்றுநோய் செல்கள் பள்ளத்தின் உருவை மாற்றி மருந்திலிருந்து தப்பும் தந்திரத்துக்கு இது ஒரு பதில். பி.டி.கே. என்ற புரதத்தில் நேர்ந்த மாற்றத்தால் பழைய மாத்திரைகள் பலிக்காமல் போன ரத்தப் புற்றுநோயாளிகளிடம், அதே புரதத்தைச் சிதைக்கும் மருந்துகள் மனிதச் சோதனைகளில் பலன் காட்டிவருகின்றன.

அதேசமயம் விசித்திரமான ஒரு சிக்கலும் உண்டு. மருந்தை அளவுக்கு மேல் கூட்டினால் பலன் குறைகிறது. மூலக்கூறுகள் மிகுந்துவிட்டால், லிகேஸை ஒன்று பிடித்துக்கொள்ளும், புரதத்தை வேறொன்று பிடித்துக்கொள்ளும். இரண்டையும் ஒருசேரப் பிடிக்கும் மூலக்கூறு அரிதாகிவிடும். மருந்தளவு கூடக்கூட விளைவும் கூடும் என்று பழகிய மருத்துவர்கள் இதைப் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. உருவமும் பெரிது. வாய்வழி மருந்துக்கு 500 டால்டன் எடைக்குள் இருப்பது நல்லது என்பது மருந்து வேதியியலாளர்களின் பழைய கணக்கு. தாலிடமைட் 258, புரோட்டாக்குகள் 700-இலிருந்து 1,000 வரை. இவ்வளவு பெரிய மூலக்கூறு குடலில் உறிஞ்சப்படுமா என்பது வெகுகாலம் சந்தேகமாகவே இருந்தது. குரூஸ் தொடங்கிய அர்வினாஸ் நிறுவனத்தின் இரண்டு மாத்திரைகள் 2019இல் மனிதர்களுக்குக் கொடுக்கப்பட்டபோது அந்தச் சந்தேகம் நீங்கியது.

அவற்றில் ஒன்று வெப்டெஜெஸ்ட்ரன்ட், ஈஸ்ட்ரோஜன் ஏற்பியைச் சிதைக்கும் மார்பகப் புற்றுநோய் மாத்திரை. 624 பெண்களிடமும் ஆண்களிடமும் நடந்த மூன்றாம் கட்டச் சோதனையின் முடிவு 2025இல் வந்தது. ஏற்பியின் மரபணுவில் மாற்றம் இருந்தவர்களுக்கு, நோய் முற்றாமல் நின்ற காலம் இடைநிலையாக 5 மாதம். ஊசியாகப் போடும் பழைய மருந்து பெற்றவர்களுக்கு 2.1 மாதம். எல்லா நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்தால் 3.8, 3.6, வேறுபாடு பொருட்படுத்தத்தக்கதாக இல்லை. செய்தித்தாள்கள் புரட்சி என்று எழுதும்போது இந்த எண்களை வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டும். ஒரு கொள்கை மனித உடலில் நிரூபணமாகியிருக்கிறது; நோயாளிக்குக் கிடைத்தது இன்னும் சில மாதங்களே. முதல் விமானம் பறந்த தூரத்தை வைத்து விமானத்தை எடைபோட முடியாதுதான். ஆனாலும் காத்திருக்கும் நோயாளியிடம் பொய் நம்பிக்கை விற்பது பாவம்.

செடிகள் இந்த வேதியியலை வெகுகாலமாகச் செய்துவருகின்றன என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். வேர் விடுவதையும் ஒளியை நோக்கி வளைவதையும் நடத்தும் ஆக்சின் என்ற ஹார்மோன், ஒரு லிகேஸுக்கும் ஒரு புரதத்துக்கும் நடுவே பசைபோல அமர்ந்து அந்தப் புரதத்தைச் சிதைவுக்கு அனுப்புவதை, நிங் ஷெங்கின் குழு 2007இல் படிக அமைப்பாகவே காட்டியது. செரிப்ளான் கதை அப்போது வெளிவரவில்லை. அடுத்த கட்டமாக, செல்லுக்கு வெளியே மிதக்கும் புரதங்களையும் செல் மேற்பரப்பில் இருப்பவற்றையும் உள்ளே இழுத்து அழிக்கும் வழியைக் கரோலின் பெர்டோஸியின் குழு 2020இல் திறந்தது. இன்று ஆய்வகங்கள் பயன்படுத்தும் லிகேஸ்கள் பெரும்பாலும் செரிப்ளானும் வி.எச்.எல்.லும் மட்டுமே. 600-க்கும் மேல் இருக்கும்போது இரண்டைக் கட்டிக்கொண்டு அழுவது போதாது. ஒரு குறிப்பிட்ட திசுவில் மட்டும் இருக்கும் லிகேஸ் கைக்கு வந்தால், மருந்து அந்தத் திசுவில் மட்டும் வேலை செய்யும். இளம் ஆய்வாளர்களுக்கு இங்கே நிறைய இடம் இருக்கிறது.

இறுதியாக ஒரு நடைமுறைச் செய்தி. லெனாலிடமைட்டை ஐதராபாத்தின் நாட்கோ உள்ளிட்ட இந்திய நிறுவனங்கள் குறைந்த விலையில் தயாரிக்கின்றன. மைலோமா நோயாளிகள் இருக்கும் நம் வீடுகள் பலவற்றில் இந்தக் காப்ஸ்யூல் இருக்கிறது. தாலிடமைட்டின் நெருங்கிய உறவு இது. செரிப்ளானை இதே பள்ளத்தில்தான் பிடிக்கிறது. ஆகவே காப்ஸ்யூலைத் திறக்கவோ பொடிக்கவோ கூடாது. கர்ப்பமாக இருப்பவர்களும் கர்ப்பமாக வாய்ப்புள்ளவர்களும் உடைந்த காப்ஸ்யூலைத் தொடக் கூடாது. மருந்து விந்துவிலும் இருக்கும் என்பதால் இதைச் சாப்பிடும் ஆண்கள் உறவின்போது ஆணுறை அணிய வேண்டும். சாப்பிடும் காலத்திலும் நிறுத்தி நான்கு வாரம் வரையிலும் ரத்த தானம் செய்யக் கூடாது. மிஞ்சியதை வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள். வாங்கிய மருத்துவமனையிலேயே திருப்பிக் கொடுங்கள்.